ஜாமீன்தாரர் லைனில் இருக்கிறார்

அவளுக்கு அப்பா அம்மா வைத்தது நல்ல பெயர்தான். ஆனால் எங்களில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தவணை என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஒரு டீ வாங்கினால் பாதியைச் சூடாகவும் மீதியை ஆறிப்போய் ஏடு கட்டிய பிறகும் குடிப்பாள். என்னிடம் வாங்கிய சோப்பைத் தேய்ந்து சில்லாகிப் போன பிறகு திருப்பித் தந்து, "இது முதல் தவணை, மீதி அடுத்த மாசம்" என்று கூசாமல் சொல்லுவாள். பொய்யைக்கூட ஒரே மூச்சில் சொல்லமாட்டாள். இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று அவிழ்த்துவிடுவாள். கேட்கிறவர்கள் நம்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நானும் அவளும் ஒரே அறை, ஒரே கால் சென்டர், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவளையே சொல்லச் சொன்னால் சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவாள்.

பள்ளி முடித்ததும் அவள் ரோபோ படிக்க ஆசைப்பட்டாள். ஆசையைக் கிளப்பிவிட்டது ஒரு கல்லூரியின் விளம்பரப் புத்தகம். அட்டையில் ஒரு ரோபோவும் ஒரு பெண்ணும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே சிரித்தார்கள். போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கல்லூரியில் முழு ரோபோ கிடையாது, ஒரு கை மட்டும்தான் உண்டு என்று. அதையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பெரிய மனிதர் யாராவது வந்தால் கல்லூரி முதல்வர் சாவியோடு ஓடி வருவார். கை ஒருமுறை மேலே போகும், ஒருமுறை கீழே வரும், எல்லோரும் கை தட்டுவார்கள், பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். தவணை அதைத் தொட்டுப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிவிட்டாள்.

அந்தப் படிப்புக்குத்தான் கடன். அவளுடைய அப்பா வெல்டர். மாடிப்படிகளுக்குக் கைப்பிடி வைப்பவர். வேலை இருக்கிற மாதம் ராஜா, இல்லாத மாதம் வீட்டில் எல்லோருக்கும் பத்தியம். கடன் கொடுக்கிற இடத்தில் அவருடைய வருமானக் கணக்கைப் பார்த்த அதிகாரி கோப்பை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டார். அப்போது ஜாமீன் கையெழுத்துப் போட வந்தவள் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை. சித்திக்குச் சொந்தமாக ஒரு வேன் இருந்தது, ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஒப்பந்தமும் இருந்தது. வேனை வெளியே நிறுத்திவிட்டு, சாவியை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே வந்து, எங்கே போடணும், இங்கேயா, இங்கேயா என்று கேட்டுக் கேட்டு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சீக்கிரம் விடுங்க, ஸ்கூல் விட்டுரும்" என்று கிளம்பிவிட்டாளாம். தான் படித்த படிப்பு மொத்தமும் அந்தப் பதினைந்து நிமிட அவசரத்தில் கிடைத்தது என்று தவணை அடிக்கடி சொல்லுவாள்.

பட்டம் வந்தது, வேலை வரவில்லை. ரோபோ கம்பெனிகளில் முன் அனுபவம் கேட்டார்கள். முன் அனுபவத்துக்கு எங்கே போவது? ஒரு கையைக் கண்ணாடி வழியாகப் பார்த்த அனுபவம்தான் இருந்தது. கடைசியில் எங்கள் கால் சென்டருக்கு வந்து சேர்ந்தாள். இங்கே என்ன வேலை என்றால், கல்விக் கடன் வாங்கிவிட்டுத் தவணை கட்டாதவர்களைக் கூப்பிட்டு எப்போது கட்டுவீர்கள் என்று கேட்பது. கேட்கிற எங்கள் எல்லோருக்கும் கல்விக் கடன் உண்டு. எனக்கும் உண்டு. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம், வயிறு எரியும்.

வீட்டில் அவள் சொன்னது ரோபோ கம்பெனியில் வேலை என்று. அதையும் தவணை முறையில்தான் சொன்னாள். முதலில் "கம்பெனி" என்றாள். அடுத்த வாரம் "பெரிய கம்பெனி" என்றாள். அதற்கடுத்த வாரம் சித்தியே "ரோபோ கம்பெனியா?" என்று கேட்டபோது மறுக்கவில்லை. அவ்வளவுதான்.

எங்கள் தளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வரிசை வரிசையாக மேசைகள், மேசைக்கு மேசை ஒரு அட்டைத் தடுப்பு. கைபேசியை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். எண்களை நாங்கள் அழுத்துவதில்லை, இயந்திரமே டயல் செய்து எங்கள் காதில் கொண்டுவந்து கொட்டும். எங்களுக்கு நிறுவனம் ஒரு பொய்ப்பெயர் கொடுத்திருக்கும். வாடிக்கையாளரிடம் அந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். அதோடு ஒரு குரலும் கொடுத்திருந்தார்கள். பயிற்சியில் முதல் வாரம் முழுக்க அந்தக் குரலைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தேனில் ஊறவைத்த, கொஞ்சம் மூக்கு வழியாக வருகிற, யாருக்கும் கோபமே வர முடியாத குரல். கம்பெனிக் குரல் என்போம். தவணைக்கு அது அச்சு அசலாக வந்தது. அந்தக் குரலில் அவள் பேசினால் பக்கத்தில் இருக்கும் எனக்கே அவள் யாரோ என்று தோன்றும்.

ஒருநாள் மத்தியானம் அவள் என் முழங்கையைக் கிள்ளினாள். அவளுடைய திரையில் அவளுடைய சொந்தப் பெயர் நின்றுகொண்டிருந்தது. அப்பா பெயர், வீட்டு முகவரி, பாக்கி, எல்லாம். கீழே ஜாமீன்தாரர் என்று சித்தியின் பெயரும் எண்ணும். அவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிற தளத்தில் இயந்திரம் அவளைத் தேடிப் பிடித்து அவளிடமே கொண்டுவந்து போட்டிருந்தது. லாக்கரில் அவள் கைபேசி மணியடித்து ஓய்ந்திருக்கும். எடுக்க ஆளில்லை.

"இப்ப என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"உனக்கு நீயே எடுக்கலைன்னு போட்டுக்க" என்றேன்.

வேடிக்கையாகச் சொல்லிவிட்டேனே தவிர, விஷயம் வேடிக்கையாக இல்லை. நாலைந்து முறை கூப்பிட்டும் வாடிக்கையாளர் எடுக்காவிட்டால் கணக்கு அடுத்த படிக்குப் போகும். அடுத்த படி என்றால் ஜாமீன்தாரரைக் கூப்பிடுவார்கள், அவர் பெயரையும் கெட்ட கணக்கில் ஏற்றிவிடுவார்கள். சித்தியோ அந்தச் சமயத்தில் புது வேனுக்குக் கடன் கேட்டு மனுப் போட்டிருந்தாள். வரும் கல்வியாண்டிலிருந்து பழைய வண்டிகளைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று பள்ளிக்கூடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சித்தி பெயர் கெட்ட கணக்கில் ஏறினால் வேன் கடன் கிடைக்காது. வேன் இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தம் இல்லாவிட்டால் சித்திக்குச் சோறு இல்லை. சம்பளத்திலிருந்து கட்டித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எங்கள் சம்பளத்தை நீங்கள் பார்த்ததில்லை. அறை வாடகைக்கும் பஸ்ஸுக்கும் போக மிஞ்சுவதில் வட்டியின் சுண்டுவிரலைக்கூடத் தொட முடியாது.

வேன் கடன் கைக்கு வரும்வரை இழுத்தடிக்க ஒரே வழிதான் இருந்தது. வாடிக்கையாளர் போனை எடுத்து, இன்ன தேதியில் கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். வாக்குக் கொடுத்தால் அந்தத் தேதிவரை யாரும் ஜாமீன்தாரர் பக்கம் போகமாட்டார்கள். அதாவது, அவள் கூப்பிட வேண்டும், அவளே எடுக்க வேண்டும்.

மறுநாள் தவணை பெரிய கொண்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். சிம்மைக் கழற்றி ஒரு சின்னப் பொத்தான் போனில் போட்டு, அதைக் கொண்டைக்குள் செருகியிருந்தாள். வாசலில் சோதனை போடும் அம்மா பையைத் தட்டிப் பார்த்தாள், கையைத் தூக்கச் சொன்னாள், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொன்னாள். தலையை யாரும் சோதிப்பதில்லை. தலைக்குள் எங்களிடம் ஒன்றும் இருக்காது என்பது நிறுவனத்தின் நம்பிக்கை.

இயந்திரம் அவள் பெயரை மறுபடி கொண்டுவந்தது. முதல் நாள் தொட்ட ஆளிடமே அந்தக் கணக்கு திரும்பி வரும். கொண்டை அதிர்ந்தது. அவள் மேசைக்கடியில் குனிந்து போனை எடுத்தாள். அதற்குப் பிறகு நான் பார்த்ததை எந்த நாடகத்திலும் யாரும் பார்த்திருக்க முடியாது. மேலே நிமிர்ந்தால் கம்பெனிக் குரல், கீழே குனிந்தால் சொந்தக் குரல். ஒன்று பேசும்போது இன்னொன்றின் ஒலியை அடைத்துக்கொண்டு, கிணற்றில் வாளி இறங்கி ஏறுவது போல இறங்கி ஏறினாள்.

"வணக்கம் மேடம். உங்க கல்விக் கடன் தவணை விஷயமா கூப்பிடறோம். இப்ப பேச வசதியா இருக்குமா?"

குனிந்தாள். "வசதி இருந்தா நான் எதுக்குங்க கடன் வாங்கறேன்?"

நிமிர்ந்தாள். "புரியுது மேடம். எப்ப கட்டுவீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

குனிந்தாள். சும்மா ஒரு தேதியைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் கீழே போனவளுக்கு என்ன ஆனதோ, பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பாடம் சொல்லித் தர ஒரு ரோபோ கை வெச்சிருந்தாங்க. அது எனக்காக ஒரு நாளும் நீண்டதே இல்ல. நீங்க மட்டும் மாசம் தவறாம கை நீட்டறீங்க. வேலை எங்கன்னு கேட்டா பதில் இல்ல, பணம் எங்கன்னு மட்டும் டாண்ணு கேக்கறீங்க!"

"உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது மேடம்." இது எழுதிக் கொடுத்த வசனம். எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

"உங்களுக்கு எப்படிங்க புரியும்? உங்களுக்குக் கடன் இருக்கா?"

நிமிர்ந்தாள். கம்பெனிக் குரல் லேசாகத் தடுமாறியது. "இருக்கு மேடம்."

"அப்ப நீங்க என்ன பண்றீங்க?"

"தினமும் எந்திரிச்சு வேலைக்கு வரேன் மேடம். வேற என்ன பண்றதுன்னு தெரியல."

டீம் லீடர் அந்தப் பக்கம் வந்தார். "என்னம்மா, எதைத் தேடற கீழே?"

"பேனா சார்."

கடைசியில் வாடிக்கையாளர் மாதக் கடைசிக்குள் கட்டுவதாக வாக்குக் கொடுத்தார். ஊழியர் நன்றி சொன்னார். இரண்டு பேருமே வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்கள்.

அத்தோடு தப்பித்தோம் என்று நினைத்தோம். ஆனால் எங்கள் அழைப்புகளை எல்லாம் கேட்டு மதிப்பெண் போடுவதற்கு ஒரு அம்மா உண்டு. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் காது. காது அந்த அழைப்பைக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு அழுதிருக்கிறாள். வாடிக்கையாளரின் மனசுக்குள் புகுந்து பேசிய அழைப்பு என்று குறிப்பெழுதி, முழு மதிப்பெண் போட்டு, மேலாளருக்கு அனுப்பிவிட்டாள். மனசுக்குள் புகுந்தது வாஸ்தவம்தான். வெளியே இருந்தால்தானே புகுவதற்குச் சிரமம்!

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கைதட்டு. எதற்கெடுத்தாலும் தட்டுவார். காலையில் வந்ததும் தட்டுவார், வசூல் கூடினால் தட்டுவார், குறைந்தால் உற்சாகப்படுத்துவதற்காக இன்னும் பலமாகத் தட்டுவார். அவர் அந்த அழைப்பைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கேயும் தட்டினார்கள் போலிருக்கிறது. தவணைக்கு ஒரு சான்றிதழும் ஒரு தண்ணீர்க் குடுவையும் கொடுத்தார்கள். சான்றிதழில் இருந்தது பொய்ப்பெயர். குடுவை ஒழுகியது.

மாதக் கடைசி வந்தது, போனது. வாக்கு தவறிய வாடிக்கையாளரை மறுபடி கூப்பிட வேண்டிய நாளும் வந்தது. அதே நாளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி. கைதட்டு எங்கள் இரண்டு பேரையும் பயிற்சி அறைக்கு வரச் சொன்னார். தவணை நட்சத்திர விருந்தாளி, நான் கணினியை இயக்குகிற எடுபிடி.

அறை நிறையப் புது முகங்கள். காது சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பழைய அழைப்பை ஒலிபெருக்கியில் போட்டார்கள். "வசதி இருந்தா நான் எதுக்குங்க" என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "உங்களுக்குக் கடன் இருக்கா" என்ற இடத்தில் சிரிப்பு நின்றுபோனது. முன்வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தவணை சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் குறிப்பை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

கைதட்டு தட்டிவிட்டுச் சொன்னார், "இப்ப நேரடியாவே பாக்கப் போறோம். அதே கஸ்டமர். வாக்கு தவறிட்டாங்க. நம்ம ஸ்டார் எப்படிப் பேசறாங்கன்னு கவனிங்க."

நான் அவள் தலையைப் பார்த்தேன். அன்று அவள் கொண்டை போடவில்லை. பயிற்சி என்றதும் அழைப்பு வராது என்று நம்பி, பின்னலோடு வந்திருந்தாள். போன் லாக்கரில் கிடந்தது. ஒலிபெருக்கியில் மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நாளைக்குப் பண்ணலாமா சார்? பாவம், வெளிய எங்கயாவது போயிருப்பாங்க" என்றாள் தவணை.

"எதுக்கு நாளைக்கு? அதான் ஜாமீன்தாரர் இருக்காங்களே. அவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னும் பசங்க தெரிஞ்சுக்கட்டும்."

"சார், அவங்க வண்டி ஓட்டிட்டு இருப்பாங்க சார்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

தவணை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "தொழில் டிரைவர்னு போட்டிருக்கு சார்" என்று சமாளித்தாள். நான் மவுஸைத் தட்டிவிட்டேன், திரையை அணைத்துப் பார்த்தேன், கணினி ஹேங் ஆகிவிட்டது என்றேன். கைதட்டு என்னை ஒதுக்கிவிட்டுத் தானே அழுத்தினார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் சித்தி.

"யாரு? இருங்க, ஓரமா நிறுத்திக்கறேன். டேய், கையை உள்ள வை! சொன்னாக் கேக்க மாட்ட? ம், சொல்லுங்க."

தவணை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கம்பெனிக் குரலுக்குள் போய்விட்டாள். கடன் வாங்கியவரின் பெயரைச் சொன்னாள், நீங்கள்தானே ஜாமீன்தாரர் என்றாள், தவணைகள் வரவில்லை மேடம் என்றாள். வேனுக்குள் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"வரலையா? அவ கட்டிட்டு இருக்கறதாத்தானே சொன்னா" என்றாள் சித்தி. "நீங்க அவகிட்ட பேசினீங்களா?" என்று கேட்டாள்.

"போன மாசம் பேசினேன் மேடம்."

"குரல் எப்படி இருந்துச்சு?"

இப்படி ஒரு கேள்விக்கு எங்கள் வசனத்தாளில் பதில் கிடையாது. யாரும் அதுவரை கேட்டதில்லை. கட்டச் சொல்லிக் கூப்பிட்டால் திட்டுவார்கள், அழுவார்கள், வைத்துவிடுவார்கள். வாங்கினவளின் குரல் எப்படி இருந்தது என்று யார் கேட்பார்கள்?

"நல்லா இருந்துச்சு மேடம்" என்றாள் தவணை.

"நல்லா இருந்தா என்கிட்ட சொல்லியிருப்பா. ஏதோ கஷ்டப்படறா, மூடி மறைக்கறா. சின்னதுலயே அப்படித்தான், கீழ விழுந்தா வீட்டுக்கு வராம வேன்ல வந்து உக்காந்துப்பா." சித்தி தொண்டையைச் செருமினாள். "சரிம்மா, எவ்ளோ ஆகும்? வண்டி வாங்கறதுக்குன்னு முன்பணம் சேத்து வெச்சிருக்கேன். அதுலேர்ந்து கட்டிடறேன். ஆனா ஒண்ணு, அவளுக்குத் தெரியக் கூடாது. கேட்டா நீங்களே ஏதோ தள்ளுபடி பண்ணிட்டதாச் சொல்லிடுங்க. எனக்கென்ன, பழைய வண்டியே இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்."

ஓடாது. ஓடினாலும் பள்ளிக்கூடம் விடாது. அது தவணைக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சித்திக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

கைதட்டின் முகத்தில் பல்பு எரிந்தது. சத்தம் வராமல் கையைத் தட்டிக்காட்டி, வாங்கு வாங்கு என்று சைகை செய்தார். தவணை அடுத்துச் சொல்ல வேண்டிய வசனம் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அன்று காலையில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரொம்ப நன்றி மேடம், இப்பவே லிங்க் அனுப்பறேன். அவ்வளவுதான். அந்த ஒரு வரியோடு பாக்கியெல்லாம் தீர்ந்துவிடும், வேலை நிலைக்கும், இன்னொரு குடுவைகூடக் கிடைக்கும்.

"வேண்டாம் மேடம்" என்றாள் தவணை.

"என்னம்மா?"

"நீங்க கட்டாதீங்க மேடம். அவ கட்டுவா."

"அவகிட்ட இல்லன்னுதானே என்னைக் கூப்பிட்ட? இப்ப குடுக்கறேங்கறேன், வேண்டாங்கற. நீ என்ன கலெக்‌ஷன் பண்றியா, காமெடி பண்றியா?"

கைதட்டு பாய்ந்து வந்தார். அதற்குள் கம்பெனிக் குரல் உடைந்து, அதற்குள்ளிருந்து என் அறைத்தோழி வெளியே வந்துவிட்டாள்.

"சித்தி, வண்டிப் பணத்துல கை வெச்சே, அப்புறம் நான் உன்கூடப் பேசவே மாட்டேன்!"

வேனுக்குள் யாரோ ஒரு பிள்ளை, "ஆன்ட்டி, போலாமா?" என்று கேட்டது. பிறகு சித்தியின் குரல் ஒலிபெருக்கி கிழிய வந்தது.

"அடிப்பாவி! என்னையா இவ்வளவு நேரம் மேடம் மேடம்னு கூப்பிட்ட? ரோபோ கம்பெனின்னு சொன்னியேடி!"

"டயல் பண்றது ரோபோதான் சித்தி."

புதுப் பிள்ளைகள் சிரித்தே விட்டார்கள். கைதட்டின் கைகள் தட்டுவதற்காக விரிந்தபடி அந்தரத்தில் நின்றன.

சீட்டுக் கிழிந்தது என்று நினைத்தோம். அரைமணி நேரம் கழித்து கைதட்டு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார், சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார். மனிதர் வெலவெலத்துப் போயிருந்தார். அந்த அழைப்பு தலைமை அலுவலகத்தில் பரிசு வாங்கியது. ஒரே ஆள் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறாள் என்று மேலே தெரிந்தால் தட்டு அவர் முதுகில் விழும். அதனால் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சத்தம் போடாம ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடும்மா. அனுபவச் சான்றிதழ் நல்லபடியாத் தரேன்."

"வேண்டாம் சார். டிஸ்மிஸ் பண்ணுங்க" என்றாள் தவணை.

நான் அவளைப் பார்த்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று ஒரு கணம் பயந்தேன். அடுத்த கணம் எனக்கும் புரிந்துவிட்டது. எங்கள் விதிப் புத்தகத்தில் பொடி எழுத்தில் ஒரு சலுகை உண்டு. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் கடிதத்தைக் காட்டினால் ஓராண்டுக்குத் தவணை கேட்கக் கூடாது, ஜாமீன்தாரரைத் தொடவே கூடாது. வட்டி மட்டும் தன்பாட்டுக்கு ஓடும், அதற்கு மட்டும் எந்த விதியும் லீவு கொடுக்காது. தானாக வேலையை விட்டவருக்கு இந்தச் சலுகை கிடையாது. வாடிக்கையாளர் வாயால் கேட்டால் ஒழிய நாங்கள் இப்படி ஒன்று இருப்பதாக மூச்சுவிடக் கூடாது என்பதும் அதே பொடி எழுத்தில் இருந்தது.

"டிஸ்மிஸ் பண்ற அளவுக்கு நீ என்னம்மா பண்ணிட்ட?" என்றார் கைதட்டு.

"உள்ள போன் கொண்டு வந்தேன் சார். கொண்டைக்குள்ள வெச்சு."

"எல்லாரும்தான் கொண்டு வராங்க. சின்ன விஷயம்."

"எனக்கு பாக்கி இருக்கறதை மறைச்சேன் சார்."

"மறந்திருப்ப. மனுஷங்களுக்கு மறதி சகஜம்."

"ரெண்டு குரல்ல பேசி ஏமாத்தினேன் சார்."

"அது திறமைம்மா. அதுக்கெல்லாம் யாராவது வேலையை விட்டு அனுப்புவாங்களா?"

இப்படி ஒரு மேலாளரை இனி யார் பார்க்கப் போகிறார்கள்! அவள் ஒவ்வொரு குற்றமாகத் தூக்கி மேசைமேல் வைக்க, அவர் ஒவ்வொன்றையும் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். நான் சிரிப்பை அடக்கக் கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். தவணைக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"வர்ற பணத்தை வேண்டாம்னு சொன்னேன் சார்."

கைதட்டின் முகம் மாறியது. போன், பொய், இரட்டைக் குரல் எல்லாவற்றையும் விழுங்கிய மனிதருக்கு இது தொண்டையில் சிக்கிக்கொண்டது. "ஆமா" என்றார். "அது தப்பு. கையில வந்த பணம்! அவங்களே குடுக்கறேங்கறாங்க, நீ வேண்டாங்கற. அதுவும் அத்தனை புதுப் பசங்க முன்னாடி!" பேசப் பேசச் சூடேறி, எழுந்து நின்றுவிட்டார். "இது மன்னிக்க முடியாத குற்றம். உன்னை வேலையை விட்டுத் தூக்கறேன்!"

"கடிதமாக் குடுங்க சார்" என்றாள் தவணை, கம்பெனிக் குரலில்.

மற்ற குற்றங்களையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அவள் லாக்கரைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு, வாசல் சோதனை அம்மாவிடம் விடைபெற்றுக்கொண்டு போனாள். நான் என் நாற்காலிக்கு ஓடினேன். வாடிக்கையாளர்களே கூப்பிட்டால் எடுத்துப் பேச அன்று நானும் இன்னும் ஒரு பையனும்தான் இருந்தோம். அவனை டீ குடிக்க அனுப்பினேன். எதிர் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தபடி அவள் கூப்பிட்டாள். ஜன்னல் வழியாக அவள் தலை எனக்குத் தெரிந்தது.

"வணக்கம் மேடம். உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?"

"எனக்கு வேலை போயிடுச்சுங்க. வேலை போனவங்களுக்கு ஏதோ சலுகை இருக்காமே, இருக்கா?"

நான் அந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! திட்டிய பையன்களுக்கு, அழுத பெண்களுக்கு, ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. "இருக்கு மேடம்" என்றேன்.

கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். திரையில் ஒரு கட்டம் திறந்தது. வேலையிழந்த காரணத்தை வாடிக்கையாளரின் வாயால் கேட்டுப் பதிய வேண்டும் என்பது விதி.

"வேலை போனதுக்குக் காரணம் சொல்ல முடியுமா மேடம்?"

"எங்க சித்தி பணம் குடுக்கறேன்னாங்க. வாங்க மாட்டேன்னு சொன்னேன்."

ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே பதிந்தேன். என் மேசை விளக்கு சிவந்தது, அதாவது காது என் அழைப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தேன். காது என்னைப் பார்த்தாள், ஹெட்செட்டை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அழைப்பை வெட்டவில்லை. நான் பொத்தானை அழுத்தினேன். சித்தியின் பெயர் இருந்த வரி மங்கி, பக்கத்தில் தொடர்பு தேவையில்லை என்று வந்தது.

"பதிவாயிடுச்சு மேடம்" என்றேன். "உங்க ஜாமீன்தாரரை நாங்க இனிமே கூப்பிட மாட்டோம்."

ஜன்னலுக்கு வெளியே அவள் தலை முழங்காலுக்குள் போய்விட்டது. என் ஹெட்செட்டில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.